நான்கு வல்லூறு சில நூறான பிறகும் ஏன் கவலை?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "மொரீஷியஸ் வல்லூறு நான்கிலிருந்து சில நூறாகப் பெருகியது என்று போன வீடியோவில் சொன்னீர்கள். அப்படியானால் அந்த இனம் தப்பித்துவிட்டது என்றுதானே அர்த்தம்? நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே பெருகினால் கெடுதல் வராதா?"

முதலில் அந்த நான்கு என்ற எண்ணைப் பார்த்துவிடுவோம். மொரீஷியஸ் தீவில் காட்டை அழித்தார்கள். வெளியிலிருந்து வந்த குரங்கு, கீரி, பூனை, எலி எல்லாம் பெருகின. மலேரியாவை ஒழிக்க டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். 1974இல் காட்டில் தெரிந்த வல்லூறு நான்கே நான்கு. அதில் முட்டையிடும் பெட்டை ஒன்றுதான். அந்த ஜோடி மரப்பொந்தை விட்டுவிட்டுக் குரங்கு எட்டாத செங்குத்துப் பாறையில் கூடு வைத்தது. இன்றைக்கு அங்கே பறக்கிற ஒவ்வொரு வல்லூறும் அந்த ஒரு ஜோடியின் வழி வந்ததுதான். 1979இல் கார்ல் ஜோன்ஸ் என்ற உயிரியலாளர் அங்கே போனார். கூட்டிலிருந்து முட்டையை எடுத்துத் தனியே பொரிக்க வைப்பார். தாய்ப்பறவை மறுபடி முட்டையிடும். காட்டுப் பறவைகளுக்குக் கூடுதல் இரையும் கொடுத்தார்கள். இருபது ஆண்டுக்குள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை.

சரி, இப்போது மரபணு. விதைநெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குதிரில் பத்து ரக நெல் இருந்து, வெள்ளத்தில் எல்லாம் போய், ஒரே ஒரு ரகத்தில் ஒரு பிடி மட்டும் மிஞ்சுகிறது. அந்தப் பிடியை விதைத்து விதைத்து நெற்குதிர் முழுக்க மறுபடி நிரப்பிவிடலாம். ஆனால் மற்ற ஒன்பது ரகமும் அதிலிருந்து முளைக்காது. வல்லூறுக்கும் இதுதான் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிடித்துப் பதப்படுத்தி அருங்காட்சியகங்களில் வைத்திருந்த வல்லூறுத் தோல்களிலிருந்து டிஎன்ஏ எடுத்து, இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2000ஆம் ஆண்டில் வந்தது. பழைய மரபணு வேறுபாட்டில் பாதிக்கும் மேல் இப்போது இல்லை. எண்ணிக்கை திரும்பியது, வேறுபாடு திரும்பவில்லை.

கெடுதல் வருமா என்று கேட்டீர்களே, அதற்குக் கலிஃபோர்னியா காண்டோர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகைப் பாருங்கள். 1987இல் காட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் பிடித்தார்கள்; அப்போது உலகத்தில் இருந்த 27 பறவைகளையும் கூண்டில் வைத்து வளர்த்தார்கள். இன்றுள்ள காண்டோர்கள் 14 பறவைகளின் வாரிசுகள். அதில் ஒரு கெட்ட மரபணு ஒளிந்திருந்தது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அது வந்தால் குஞ்சின் எலும்பு சரியாக வளராது, முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். அதனால் எந்தப் பறவையை எதோடு சேர்ப்பது என்று வம்சாவளியைப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறார்கள். நம் வீட்டில் கல்யாணத்துக்கு முன் சொந்தம் விசாரிப்பது போலத்தான்.

ஆனால் எண்ணிக்கை சரிந்த எல்லாப் பறவைக்கும் இதே கதி வருவதில்லை. ஐரோப்பாவின் வெண்வால் கழுகும் டிடிடியாலும் வேட்டையாலும் படுமோசமாகக் குறைந்தது. இருந்தும் அதன் மரபணு வேறுபாடு பெரும்பாலும் தப்பித்திருக்கிறது. காரணம் ஆயுள். அந்தக் கழுகு இருபது ஆண்டுக்கு மேல் வாழும். மோசமான காலம் தலைமுறைக் கணக்கில் பார்த்தால் கொஞ்சம்தான். குஞ்சு பொரிக்காத ஆண்டுகளிலும் கிழட்டுக் கழுகுகள் பழைய மரபணுக்களைச் சுமந்துகொண்டு உயிரோடு இருந்தன. பல இடங்களில் சின்னச் சின்னக் கூட்டமாக மிஞ்சியதும் உதவியது. சின்ன வல்லூறுக்கு அந்த வசதி இல்லை. அதன் தலைமுறை சீக்கிரம் மாறும், இருந்ததும் ஒரே தீவு.

அப்புறம், நேயரின் முதல் கேள்வி: தப்பித்துவிட்டதா? அழிவின் விளிம்பிலிருந்து தப்பித்தது, உண்மை. ஆனால் பெருகிய எண்ணிக்கை அப்படியே நிற்கவில்லை. 2014இல் அதை மறுபடி அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலில் ஏற்றினார்கள். தீவின் மேற்கே ஒரு கூட்டம், கிழக்கு மலைகளில் கொண்டுபோய் விட்ட இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் நடுவே கரும்புத் தோட்டம். தனியாக நிற்கிற சின்னக் கூட்டத்தில், மிச்சமிருக்கிற வேறுபாடும் ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கசிந்துகொண்டேதான் இருக்கும். அங்கிருந்து நாலு பறவையை இங்கே, இங்கிருந்து நாலை அங்கே மாற்றிவிட்டால் அந்தக் கசிவின் வேகம் குறையும்.