மஞ்சப்பையில் பன்னிரண்டு லட்சம்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு சாதாரண ஆளின் பிள்ளையைக் கடத்திக்கொண்டு போய்ப் பணம் கேட்கிறார்கள். இந்தக் கதையை எப்படி எழுதுவது, எங்கே சறுக்குகிறது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. களம் நம் செட்டிநாடு.

இந்த வகைக் கதைகளில் பாதி ஒரே இடத்தில் படுத்துவிடுகின்றன. முதல் அத்தியாயத்தில் பிள்ளையைத் தூக்குகிறார்கள். இரண்டாவதில் போன் வருகிறது. மூன்றாவதில் கதாநாயகன் பணப்பெட்டியோடு பாழடைந்த கட்டடத்தின் வாசலில் நிற்கிறான். அந்தப் பணம் எப்படி வந்தது? ஆசிரியர் சொல்வதில்லை. அப்புறம் இருநூறு பக்கத்துக்குத் துரத்தல். பணம் திரட்டுகிற அந்த இரண்டு நாளில்தான் கதையே இருக்கிறது என்பது என் கட்சி. துரத்தலை எவன் வேண்டுமானாலும் எழுதுவான்.

முதல் வேலை, தொகையை முடிவு செய்வது. ஐந்து கோடி என்று எழுதினால் வாசகன் சிரித்துவிடுவான், அந்த ஆளால் முடியாது என்று அவனுக்கே தெரியும். ஐம்பதாயிரம் என்றால் சாயங்காலத்துக்குள் கைமாற்று வாங்கிவிடலாம். எட்டிவிடலாம் போலத் தோன்ற வேண்டும், ஆனால் எட்டக்கூடாது. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீட்டுக்குக் காவலும் கணக்கும் பார்க்கிறவர் கருப்பையா. மாதம் 18,000 ரூபாய் சம்பளம். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். கருப்பையாவின் ஒன்பது வயதுப் பையனைக் காணோம். கேட்கிற தொகை 12 லட்சம்.

ஏன் 12? இதற்குப் பதில் வைத்துக்கொண்டுதான் முதல் வரியையே எழுத வேண்டும். மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையின் பேரில் 5 லட்சம் புரட்டலாம். சீட்டில் 4 லட்சம் வர வேண்டியிருக்கிறது. வீட்டு மராமத்துக்கு வீட்டுக்கார ஆச்சி அனுப்பிய 3 லட்சம் அலமாரியில் ரொக்கமாக இருக்கிறது. கூட்டினால் 12. அதாவது, கேட்டவனுக்கு இந்த மூன்று கணக்கும் தெரியும். தொகையே துப்பு. வாசகன் கண்ணுக்கு எதிரிலேயே அது கிடக்கும், கடைசிவரை பார்க்க மாட்டான். மூன்று கணக்கையும் மூன்று வேறு இடங்களில், வேறு பேச்சுக்கு நடுவில், போகிற போக்கில் சொல்லிவிடுங்கள். ஒரே பத்தியில் போட்டால் மாட்டிக்கொண்டீர்கள்.

அடுத்தது கிழமை. இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2015 செப்டம்பரிலிருந்து மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. இரண்டாம் சனிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு பையனைத் தூக்குங்கள். கெடு ஞாயிறு ராத்திரி. இனி வங்கிக் கதவு திங்கட்கிழமைதான் திறக்கும்.

இப்போது கருப்பையா பணம் திரட்டப் புறப்படுகிறார். சனிக்கிழமை திறந்திருக்கிற நகைக்கடன் கம்பெனிக்குப் போகிறார். தராசில் வைத்து, கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழித்து, நிகர எடைக்குத்தான் மதிப்புப் போடுவார்கள். அந்த மதிப்பு முழுவதும் கையில் வராது. ரிசர்வ் வங்கி வைத்திருந்த வரம்பு நெடுநாளாக 75 சதவீதம். சிறு கடன்களுக்கு 85 வரை போகலாம் என்று 2025-இல்தான் புது விதி வந்தது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு இன்னும் அதே 75தான். சரி, 5 லட்சம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், வருமான வரிச் சட்டப்படி கடன் தொகையை 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக்கூடாது. மீதி கணக்கில் ஏறும். செல்போனில் குறுஞ்செய்தி வரும், பணம் வராது. ஏ.டி.எம்.மில் சாதாரண அட்டைக்கு நாளொன்றுக்கு 40,000 என்று வைத்தால், சனி ராத்திரி பதினொன்று ஐம்பதுக்கு ஒருமுறை, பன்னிரண்டு அடித்ததும் இன்னொரு முறை எடுக்கலாம். 80,000 ஆயிற்று. அந்தப் பதினைந்து நிமிஷத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் தனியாக நிற்கிறார். வெளியே ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவனும் பணம் எடுக்க வந்தவனாகவே இருக்கட்டும்.

சீட்டு? ஏலம் விட்டு எடுத்தால்தான் பணம், ஏலத் தேதி அடுத்த வாரம். ஆக, காகிதத்தில் 12 லட்சம் இருக்கிறது. கையில் 3 லட்சம் மராமத்துப் பணம், 80,000, கம்பெனி கொடுத்த 20,000. மொத்தம் 4 லட்சம். அதிலும் முக்கால்வாசி அடுத்தவர் பணம். ஆச்சிக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்று எடுக்கிறார்.

“ஆச்சி, கருப்பையா பேசுறேன்.”

“என்னப்பா, மழை பெஞ்சுதா? எங்கயும் ஒழுகுதா?”

“இல்லீங்க ஆச்சி. எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

இவ்வளவுதான் பேச்சு. கேட்காமல் வைத்துவிடுகிறார். அலமாரியைத் திறக்கிறார். எடுக்கிற பணத்துக்கு அவரே ஒரு துண்டுத்தாளில் கணக்கெழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு உள்ளே வைக்கட்டும். கணக்குப் பார்க்கிறவர் அப்படித்தான் செய்வார்.

பாக்கி 8 லட்சத்துக்கு ஊருக்குள் இறங்க வேண்டும். கணக்கில் இருக்கிற பணத்தை ஒரு கடைக்காரருக்கு அனுப்பிவிட்டு ரொக்கமாக வாங்கலாம். ஆனால் செல்போன் வழியாக ஆளுக்கு ஆள் அனுப்புவதற்குப் பொதுவான வரம்பு நாளொன்றுக்கு ஒரு லட்சம். சட்டத்தை மீறி மொத்தமாகத் தருகிற வட்டிக்காரரும் கதையில் வரலாம், வந்தால் அவர் சும்மா தரமாட்டார். எப்படிப் பார்த்தாலும் பத்துப் பேரிடம் போய் நிற்க வேண்டும். பத்துப் பேரும் ஏன் என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்ல முடியாது. இந்தக் கதையின் மிகச் சிறந்த பகுதி இதுதான். அவசரப்பட்டு ஓட்டிவிடாதீர்கள்.

“என்ன கருப்பையா, நேரங்கெட்ட நேரத்துல?”

“ஒரு ரெண்டு லட்சம் வேணும்ணே. திங்கக்கெழமை தந்துர்றேன்.”

“ரெண்டா? எதுக்குப்பா?”

“மச்சினனுக்கு ஆபரேசன். மதுரையில சேர்த்திருக்கு.”

“எந்த மச்சினன், ராமுவா? இப்பத்தானே பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நின்னான்.”

துப்பாக்கி இல்லை, கத்தி இல்லை, வாசகனுக்கு வேர்த்துவிடும். எழுதுகிறவர் தனித்தாளில் ஒரு பொய்க் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் எந்தப் பொய், எத்தனை மணிக்கு, அவர் அடுத்து யாரைப் பார்ப்பார். பள்ளத்தூரில் சொன்ன பொய் கோட்டையூருக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும்? அன்றைக்கு ஒரு கல்யாண வீடு இருந்தால் ஒரே பந்தியில் இரண்டு பொய்யும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிடும். பெரிய நகரத்தில் எழுதினால் இது கிடைக்காது, இங்கே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொருவரையும் தெரியும்.

போலீஸுக்கு ஏன் போகவில்லை என்று வாசகன் கேட்பான். மூன்றாம் அத்தியாயத்துக்குள் பதில் சொல்லிவிடுங்கள். ‘போனால் பையன் பிணம்’ என்று போனில் மிரட்டினான் என்பது மட்டும் போதாது, எல்லாக் கதையிலும் அப்படித்தான் மிரட்டுகிறான். எடுத்த மராமத்துப் பணம் தடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், அல்லது ஸ்டேஷனில் வேலை பார்க்கிற ஒருவர் அதே சீட்டில் சேர்ந்திருக்கிறார் என்று சந்தேகத்தை விதைக்கலாம். ‘அது எங்கள் எல்லை இல்லை’ என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பும் காட்சி மட்டும் இனி எடுபடாது. கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம், பக்கத்துத் திருமயம் புதுக்கோட்டை மாவட்டம். பையனைத் திருமயத்துப் பக்கம் தூக்கியிருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது.

சட்டப் பிரிவுகளிலும் தேதி பார்க்க வேண்டும். பிணைத்தொகைக்காகக் கடத்துவதற்கென்று தண்டனைச் சட்டத்தில் 364ஏ பிரிவு சேர்ந்தது 1993-இல். 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 140(2). மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். 1988-இல் நடக்கிற கதையில் இன்ஸ்பெக்டர் 364ஏ என்று வசனம் பேசினால், வக்கீல் வாசகன் புத்தகத்தை மூடிவிடுவான். இன்னொன்று, கடத்தியதும் பணம் கேட்டதும் மட்டும் இந்தப் பிரிவுக்குப் போதாது, கொல்வேன் அல்லது காயப்படுத்துவேன் என்ற மிரட்டலோ, அப்படி நியாயமாக அஞ்ச வைக்கிற நடத்தையோ இருக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. சட்டம் தெரிந்த ஒருவனைக் கடத்தல்காரனாக வைத்தால், அவன் போனில் மிக மரியாதையாகப் பேசுவான். ‘தம்பி நல்லா இருக்கான், சாப்பிட்டான்’ என்பான். கத்துகிற வில்லனைவிட அவன் பயங்கரம்.

நோட்டுக்கும் காலம் உண்டு. 1978 ஜனவரியில் ஆயிரமும் அதற்கு மேற்பட்டவையும் செல்லாதவை ஆயின. 500 ரூபாய் வந்தது 1987-இல். நடுவில் நாட்டின் பெரிய நோட்டே நூறு ரூபாய்தான். 1985-இல் ஐந்து லட்சம் என்றால் ஐயாயிரம் நோட்டு, கைப்பையில் அடங்காது. 2016-இல் பழைய ஐந்நூறும் ஆயிரமும் போயின. அப்போது வந்த இரண்டாயிரத்தை 2023 மே மாதம் திரும்பப் பெற்றார்கள். இன்றைய கதை என்றால் ஐந்நூறு. 12 லட்சம் என்பது 2,400 நோட்டு, 24 கட்டு, இரண்டரைக் கிலோவை ஒட்டி வரும். ஏறத்தாழ இரண்டு செங்கல் அளவு. சூட்கேஸ் எதற்கு? ஜவுளிக்கடை மஞ்சப்பை போதும். அதுவே நூறு ரூபாயாகக் கொண்டுவா என்று கேட்டால் 120 கட்டு, சாக்கு வேண்டும். போலீஸ் ஒவ்வொரு நோட்டின் எண்ணையும் கையால் குறிக்கிறது என்று எழுதினால், நோட்டுக்குப் பத்து விநாடி வைத்தாலும் 2,400 நோட்டுக்கு ஆறு மணி நாற்பது நிமிஷம் வரும். இப்போது போனிலேயே படம் பிடித்துக்கொள்ளலாம். லஞ்சப் பொறியில் தடவுகிற பினாப்தலின் பொடியை இங்கே கொண்டுவராதீர்கள். கையோடு பிடித்து, சோடியம் கார்பனேட் கரைசலில் கையை முக்கினால் தெரிகிற இளஞ்சிவப்பு அது. பையை வாங்கியவன் போய்விட்டால் யார் கையை முக்குவது?

போன் பற்றி ஒரு பழைய பொய் உண்டு. ‘இன்னும் அரை நிமிஷம் பேசிக்கிட்டே இருங்க, இடத்தைக் கண்டுபிடிச்சிடலாம்.’ அழைப்பு சேர்ந்த கணமே எந்தக் கோபுரம் வழியாக என்பது பதிவாகிவிடுகிறது, ஒரு விநாடி பேசினாலும் சரி. சிம்மை மாற்றினாலும் கருவியின் 15 இலக்க எண் மாறாது. தாமதம் பேச்சின் நீளத்தில் இல்லை, அந்தப் பதிவை நிறுவனத்திடமிருந்து முறைப்படி கேட்டு வாங்குவதில் இருக்கிறது. எஸ்.பி. அலுவலகம் வழியாகத்தான் கேட்க முடியும். பதில் வந்தாலும் கிராமப்புறக் கோபுரம் காட்டுவது சில கிலோமீட்டர் வட்டம். அந்த வட்டத்துக்குள் நாலு ஊர், தைலமரக் காடு, கண்மாய், ஊருணி, தெருத் தெருவாகப் பூட்டிய வீடுகள்.

பூட்டிய வீடு என்றதும் ஒளித்துவைக்க வசதி என்று தோன்றும். உண்மையில் அது காட்டிக்கொடுக்கிற இடம். முகப்புக்கு ஒரு தெரு, அடுப்படிக்குப் பின்னால் இன்னொரு தெரு என்று வீடு நீள்கிறதால், முன்வாசல் பூட்டு அப்படியே இருக்கப் பின்வாசலில் ஆள் போய்வரலாம். வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிக்குப் புள்ளி, அதாவது குடும்பத்துக்குக் குடும்பம் வேறு, சாவிகள் வேறு வேறு ஊர்களில் இருக்கும். கருப்பையாவிடம் முகப்புச் சாவி மட்டும்தான். ஆனால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் அவருக்குப் பழக்கம். ஆள் நடமாடாத தளத்தில் செம்மண் தூசி ஒரே சீராகப் படிந்திருக்கும். கால்கள் போய்வந்த வழி மட்டும் கோடு போட்டதுபோல் பளபளக்கும். அந்தக் கோடு எந்த அறை வாசலில் முடிகிறது என்று பார்த்தால் போதும். மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். ஆளில்லாத வீட்டு மீட்டர் ஓடுவதைப் பார்க்க அவர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, எட்டிப் பார்த்தால் தெரியும். கொசுவர்த்தி வாசனை, வழிகிற தண்ணீர்த் தொட்டி, இவையெல்லாம் காவல்காரன் கண்ணுக்கும் மூக்குக்கும் உரியவை. அவர் ஜெயிக்க வேண்டியது இந்தத் தொழிலறிவால். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று சிலம்பம் சுழற்றக் கூடாது.

பணம் கொடுக்கிற இடத்துக்கு மில்லும் கல்குவாரியும் வேண்டாம். தை மாதத்தில் எழுதினால், குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி புறப்படும் கூட்டம் இருக்கிறது. நூற்றுக்கணக்கானவர் தோளிலும் ஒரு பை. கூட்டத்தில் கைமாறுவது சுலபம், தவறான கைக்கு மாறுவதும் சுலபம். கடத்தியவன் காரில் தப்பினால், திருச்சி சாலையில் லெம்பலக்குடிச் சுங்கச்சாவடி அவன் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துவிடும். 2021 பிப்ரவரியிலிருந்து பாஸ்டேக் கட்டாயம். அதற்குப் பயந்து ஊர்வழிச் சாலையில் போனால் நேரம் இழுக்கும், அந்த நேரத்தில் கதையை நகர்த்தலாம்.

பையன் கிடைத்த பிறகு பலர் ‘சுபம்’ போட்டுவிடுகிறார்கள். இன்னும் இரண்டு அத்தியாயம் இருக்கிறது. மீட்ட பணம் அன்றைக்கே கருப்பையா கைக்கு வராது. அது வழக்குச் சொத்து. போலீஸ் கோர்ட்டில் ஒப்படைக்கும், இடைக்காலப் பொறுப்பில் தரும்படி மனுப் போட்டு வாங்க வேண்டும். நகைக்கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். மச்சினன் ராமு சண்டைக்கு வருவான், உயிரோடு இருக்கிற தன்னை ஆஸ்பத்திரியில் படுக்கப்போட்டதற்கு. மராமத்துக் கணக்கைப் பார்க்க ஆச்சி சென்னையிலிருந்து ரயிலேறி வந்துகொண்டிருப்பார். சீட்டு நடத்தியவர் ஜெயிலில் இருக்கிறார் என்றால், அந்த 4 லட்சத்தை யாரிடம் கேட்பது?

வணக்கம்.