சாப்பாட்டு இடைவேளையில் வேலை வாங்கினால் காசு உண்டா? சிங்கப்பூர்ச் சட்டம்

[திரையில்: கட்டுமானத் தளம். மணி 12.10. கலவை லாரி உள்ளே வருகிறது.]

சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த நேரத்தில் காங்கிரீட் வந்துவிட்டது. கலவை இறுகிவிடும், எழுந்து போய்த்தான் ஆகவேண்டும். திரும்பி வந்தால் மணி 12.40. நேர அட்டையிலோ "12 முதல் 1 வரை இடைவேளை" என்றே இருக்கிறது. அந்த அரை மணி நேரத்துக்குக் காசு உண்டா? உண்டு.

இடைவேளைக்குச் சம்பளம் தராமல் இருப்பது தவறில்லை. வேலை நியமனச் சட்டம் அதை வேலை நேரத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் தன் நேரமும் நடமாட்டமும் தன் கையில் இல்லாமல் முதலாளியின் வசம் இருக்கும் நேரம் வேலை நேரம்தான் என்கிறது அதே சட்டம். பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டால் அது இடைவேளையே இல்லை.

இடைவேளை இல்லாமல் தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நிறுத்தவே முடியாத வேலை என்றால் 8 மணி நேரம் வரை போகலாம், அதற்குள் சாப்பிட 45 நிமிடமாவது விடவேண்டும். மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேற்படாத உடலுழைப்பாளர்களுக்கும், 2,600 வெள்ளிக்கு மேற்படாத மற்ற ஊழியர்களுக்கும் இது பொருந்தும். வீட்டுப் பணிப்பெண்கள் இதில் சேரவில்லை. அது பெரிய குறை.

[திரையில்: கணக்கு]

மாத அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதை 12ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் இரண்டாலும் வகுத்தால் மணிக்கு 4.20 வெள்ளி வரும். வழக்கமான வேலை நேரம் நிறைந்தபின் வருவது 'ஓடி' (OT, அதாவது ஓவர்டைம்), அதற்கு ஒன்றரை மடங்கு: 6.29 வெள்ளி. தினம் அரை மணி, மாதம் 22 நாள் என்றால் 11 மணி நேரம். ஏறக்குறைய 69 வெள்ளி! ஊருக்கு அனுப்பும் காசில் இது சின்னத் தொகை அல்ல. சம்பளக் காலம் முடிந்து 14 நாளுக்குள் ஓடி காசு கைக்கு வரவேண்டும்.

பலர் தோற்பது சட்டத்தால் அல்ல, கையெழுத்தால். முழு இடைவேளை கிடைத்ததாக நிரப்பிய அட்டையில் மாதாமாதம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு மறுப்பது கடினம். அன்றன்றைக்கே நோட்டில் எழுதுங்கள்: தேதி, எழுப்பிய நேரம், திரும்பிய நேரம், கூப்பிட்டவர் பெயர். கையெழுத்திடும் முன் அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் ஓடி நேரம் தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதலில் கம்பெனியில் கேளுங்கள். தரவில்லையென்றால் வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் 'டாடம்' (TADM) எனப்படும் முத்தரப்பு அமைப்பில் புகார் கொடுக்கலாம். வேலையில் இருந்தால் ஓராண்டுக்குள், வேலையை விட்டுவிட்டால் 6 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஊருக்கு டிக்கெட் போடும் முன்பே கொடுத்துவிடுங்கள்.