தாவியது நிஜ ஆள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஹாலிவுட்டின் பழைய காட்டு சாகசத் தொடர்படங்கள் இன்றும் நம்மை இழுப்பது, அத்தியாயக் கடைசியில் போடும் முடிச்சாலா, உடம்பால் செய்து காட்டிய சாகசத்தாலா? எனக்கு முன்னால் பேசிய அம்மா முடிச்சுதான் என்றார். கதாநாயகி பள்ளத்தில் விழும்போது 'தொடரும்' போட்டால் ஒரு வாரம் தூக்கம் வராதாம்.

சரி, 1941இல் வந்திருக்காது. அந்த வருடம் ரிபப்ளிக் நிறுவனம் எடுத்த 'ஜங்கிள் கேர்ள்' மொத்தம் 15 அத்தியாயம். வாரம் ஒன்றாகத் தியேட்டரில் பார்த்தார்கள். இன்றைக்கு ஒன்று முடிந்த கையோடு அடுத்ததைத் தட்டிவிடுகிறோம். காத்திருப்பே இல்லாத இடத்தில் முடிச்சுக்கு என்ன வேலை அம்மா? ஆனாலும் பார்க்கிறோமே!

அந்தப் படத்தில் கதாநாயகி நியோகாவாக நடித்தவர் ஃபிரான்சிஸ் கிஃபோர்ட். காட்டுக்கொடியைப் பிடித்துத் தாவும் காட்சிகளில் அவருக்கு டூப், டேவிட் ஷார்ப் என்ற ஸ்டண்ட் கலைஞர். நியோகாவின் உடையைப் போட்டுக்கொண்டு, தலையில் விக் வைத்துக்கொண்டு தாவினார். கம்ப்யூட்டர் கிடையாது. கொடி பின்னால் போய் முன்னால் வரும்போது உடம்பின் கனம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அடுத்து என்ன ஆகும் என்று அவள் கேட்கவே இல்லை. "அப்பா, இவங்க நிஜமாவே தாவுறாங்களா?" என்றுதான் கேட்டாள். திரும்ப வைக்கச் சொல்லி மூன்று தடவை பார்த்தாள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தப் படங்கள் ஆப்பிரிக்க மக்களைக் காட்டிய விதம் அநியாயம். அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை.

ஆனால் இதைக் கேளுங்கள். 14 வருடம் கழித்து, 1955இல், அதே ரிபப்ளிக் நிறுவனம் 'பாந்தர் கேர்ள் ஆஃப் த காங்கோ' எடுத்தது. தொடர்படங்களுக்குக் காசு குறைந்துபோன காலம். 'ஜங்கிள் கேர்ள்' காட்சிகளை வெட்டி எடுத்து இதில் சேர்த்தார்கள். ஒட்டு தெரியக்கூடாதென்று, புதுக் கதாநாயகி ஃபிலிஸ் கோட்ஸுக்கு கிஃபோர்ட் போட்ட மாதிரியே உடை தைத்தார்கள். கதை வேறு, வில்லன் வேறு. பழசிலிருந்து அவர்கள் எடுத்து வைத்துக்கொண்டது அந்தத் தாவலைத்தான் நடுவர் அவர்களே! அந்தத் தாவலின் பக்கமே தீர்ப்பு தாருங்கள். நன்றி, வணக்கம்.