ஏ.சி.யே இல்லாத வீட்டுல 500 யூனிட் எப்படித் தாண்டுது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம் நேயர்களே. இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை விடவே இல்ல. கொளத்தூர்ல இருந்து ஒரு சகோதரி. தி.நகர்ல ஜவுளிக்கடையில பில்லிங் வேலை, கணவர் வேன் ஓட்டுறார், ரெண்டு பசங்க. ரெண்டு பேர் வருமானமும் சேர்த்து மாசம் 38,000. "சார், எங்க வீட்டுல ஏ.சி. இல்ல. நாலு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு வாஷிங் மெஷின், அவ்வளவுதான். ஆனா கரன்ட் பில் ரெண்டாயிரத்தைத் தாண்டுது. ஸ்கூல் ஃபீஸ் வேற ஜூன்ல வருது. எதைக் குறைக்கிறதுன்னே தெரியல"ன்னு எழுதியிருக்காங்க. கூடவே போன ரெண்டு ரீடிங்கும் அனுப்பியிருக்காங்க. ஏப்ரல்ல 488, ஜூன்ல 516. கேள்வி கேக்குறவங்க இப்படி ரீடிங்கோட கேட்டா பதில் சொல்றது எவ்வளவு சுலபம் பாருங்க! எல்லாரும் இப்படியே அனுப்புங்க.

முதல்ல அந்த ரெண்டு நம்பரை எடுத்துக்குவோம். 2024 ஜூலையில வந்த வீட்டுக் கட்டணப்படி, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள இருந்தா முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 201லிருந்து 400 வரைக்கும் 4 ரூபாய் 70 காசு, 401லிருந்து 500 வரைக்கும் 6 ரூபாய் 30 காசு. 488 யூனிட்டுக்குப் போட்டா 1,729 ரூபாய் வருது.

இப்போ 516. நிறைய பேர் என்ன நினைக்கிறாங்கன்னா, 500க்கு மேல போன அந்த 16 யூனிட்டுக்கு மட்டும்தான் அதிக ரேட்டுன்னு. கிடையாதுங்க. 500ஐத் தாண்டின நிமிஷம் அட்டவணையே மாறிடுது. அந்த 2 ரூபாய் 35 காசு சலுகை போயிடும். 101லிருந்து 400 வரைக்கும் முழுசும் 4.70. அதுக்கு மேல 6.30, 500க்கு மேல 8.40. மொத்தம் 2,174 ரூபாய். 28 யூனிட் கூடினதுக்கு 445 ரூபாய் கூடியிருக்கு. யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 16 ரூபாய். சரியா 500ல நின்னா 1,805, 501 ஆனா 2,048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! இதை நான் மூணு வீடியோவுல சொல்லிட்டேன், நாலாவது தடவையும் சொல்றேன். பில்லுல இருக்கிற தொகையைப் பார்த்து பயப்படாதீங்க, எந்தத் தேதியில எந்த நம்பர்ல நிக்கிறோம்னு பாருங்க.

சரி, ஏ.சி. இல்லாம எப்படி 500? ஃபேன்தான். பழைய சாதா சீலிங் ஃபேன் ஃபுல் ஸ்பீடுல 75 வாட் இழுக்கும். சென்னையில ஒரு ஃபேன் சராசரியா 16 மணி நேரம் ஓடுதுன்னு வச்சுக்கோங்க, ஒரு நாளைக்கு 1.2 யூனிட், 60 நாளைக்கு 72. நாலு ஃபேனுக்கு 288 யூனிட். உங்க பில்லுல பாதிக்கு மேல அதுதான், அம்மா. ஃபிரிட்ஜ் நாளைக்கு ஒண்ணுலேர்ந்து ஒண்ணேகால் யூனிட், அது ஒரு 70. மீதி வாஷிங் மெஷின், டி.வி., மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், லைட். ஃபேனை நாம மின்சாதனமாவே நினைக்கிறதில்ல, அதான் பிரச்சனை.

பி.எல்.டி.சி. ஃபேன்னு ஒண்ணு வருது, ஃபுல் ஸ்பீடுல 28லிருந்து 30 வாட். அதே 16 மணி நேரத்துக்கு 60 நாளைக்கு 28 யூனிட்தான். ஒரு ஃபேனுக்கு 44 யூனிட் மிச்சம். நாலையும் மாத்த வேண்டாம். ராத்திரி முழுக்க ஓடுற பெட்ரூம் ஃபேன், ஹால் ஃபேன், இந்த ரெண்டை மட்டும் மாத்துங்க. 516 அப்போ 428 ஆயிடும், பில்லு 1,351. வெயில் பில்லுல மட்டும் 823 ரூபாய் குறையுது. மத்த பில்லுல சுமாரா நானூறுலேர்ந்து ஐநூத்தம்பது வரைக்கும் குறையும். ரெண்டு ஃபேனுக்கு ஆறாயிரம் போட்டா ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்பி வந்துடும். கையில இப்போ பணம் இல்லன்னா ஒண்ணு மட்டும் மாத்துங்க. 516 அப்போ 472, 1,629 ரூபாய். அந்த ஒண்ணுக்கே கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துட்டீங்க.

இதுல ஒரு தப்பு நடக்குது, கவனமா கேளுங்க. எலக்ட்ரீஷியன் அவசரத்துல பழைய ரெகுலேட்டர் வழியாவே இந்த ஃபேனை இணைச்சுட்டுப் போயிடுவாரு. பி.எல்.டி.சி. ஃபேனுக்கு உள்ளேயே எலக்ட்ரானிக் போர்டு இருக்கு, வேகத்தை ரிமோட்லதான் மாத்தணும். ரெகுலேட்டரைக் குறைச்சு வச்சா போர்டுக்கு வர்ற வோல்டேஜ் கெட்டுப்போகும். ஃபேன் முனகும், விட்டு விட்டு ஓடும், அப்புறம் போர்டு போயிடும். ரெகுலேட்டரைக் கழட்டிட்டு சுவிட்ச்ல இருந்து நேரடியா இணைக்கச் சொல்லுங்க. அவர் இறங்கிப் போறதுக்கு முன்னாடியே பாத்துக்குங்க.

ஃபிரிட்ஜுக்கு ஒரு சின்ன சோதனை. கதவுல ஒரு பத்து ரூபாய் நோட்டை வச்சு மூடி இழுங்க. சுலபமா வந்துடுச்சுன்னா ரப்பர் பீடிங் தளர்ந்துபோச்சு, கம்ப்ரசர் நிக்காம ஓடிட்டிருக்கும். கதவோட நாலு பக்கமும் இதைச் செஞ்சு பாருங்க. பின்பக்கம் சுவரை ஒட்டி வைக்காதீங்க, ஒரு கை நுழையுற இடம் விடுங்க.

அடுத்தது ரீடிங். மீட்டர் திரையில நம்பர் மாறிக்கிட்டே இருக்கும், பக்கத்துல கே.டபிள்யூ.எச்.னு காட்டுற நம்பர்தான் நமக்கு வேணும். கடைசியா கணக்கெடுத்த ரீடிங் வெள்ளை அட்டையில இருக்கும், ஆப்லயும் இருக்கும். கழிச்சுப் பாருங்க. 60 நாளைக்கு 500னா ஒரு நாளைக்கு எட்டு யூனிட் சொச்சம். முப்பதாவது நாள் 250க்குள்ள, நாப்பத்தஞ்சாவது நாள் 375க்குள்ள இருக்கணும். நாப்பத்தஞ்சாவது நாள் 395 காட்டுச்சுன்னா அந்தக் கடைசி ரெண்டு வாரம் அயர்ன் பண்றதைக் குறைச்சு, ஆள் இல்லாத ரூம்ல ஃபேனை அணைச்சாலே சமாளிச்சுடலாம். ஆனா கணக்கெடுக்க வர்றவர் ஒரு வாரம் லேட்டா வந்தா? 500ங்கிற கோடு உங்களுக்காகத் தள்ளி நிக்காது. 68 நாள் ஓடினா, நாளைக்கு எட்டுன்னு வச்சாலே 544. அதனால வழக்கமா வர்ற தேதி தாண்டி ரெண்டு நாள் ஆச்சுன்னா பிரிவு அலுவலகத்துல சொல்லுங்க, இல்ல மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு அடிச்சுப் புகார் எண் வாங்குங்க.

இன்னொரு விஷயம். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய்க்கு 2023ல வச்ச விதிகள்ல, வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குக் கீழ மின்சாரம் பயன்படுத்தணும்னு ஒண்ணு இருக்கு. அதாவது ஒவ்வொரு பில்லும் சராசரியா 600. யூனிட்டைக் குறைக்கிறதுக்கு அது ரெண்டாவது காரணம். வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ளங்கிற விதி வேற இருக்கு, உங்க கணக்குக்கு அது ஒத்து வராது, மத்தவங்களுக்காகச் சொன்னேன்.

வாடகை வீட்டுக்காரங்க இங்க கொஞ்சம் நில்லுங்க. இந்தச் சகோதரிக்குத் தனி மீட்டர் இருக்கு, நல்லது. சப்-மீட்டர் போட்டு ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குற வீடுகள் சென்னையில எக்கச்சக்கம். ரெண்டு மாசத்துக்கு 240 யூனிட் ஓடினா தனி இணைப்புல 423 ரூபாய். எட்டு ரூபாய்க் கணக்குல 1,920. ரெண்டு மாசத்துக்குக் கிட்டத்தட்ட 1,500 ரூபாய் வாடகை கூடக் கொடுக்குறீங்க, அது வாடகைன்னு தெரியாமலே. அடுத்த வீடு பாக்கும்போது 'எவ்வளவு வாடகை'ன்னு கேக்குறதுக்கு அடுத்து 'தனி மீட்டரா, சர்வீஸ் நம்பர் என்ன'ன்னு கேளுங்க. பதினோராயிரத்துக்குத் தனி மீட்டர் வீடு, பத்தரைக்கு சப்-மீட்டர் வீடுன்னா பதினோராயிரம்தான் மலிவு.

ஸ்கூல் ஃபீஸுக்கு வரேன். உங்க பிரச்சனை மாசச் செலவே இல்லன்னு எனக்குத் தோணுது. மாசாமாசம் வராத பில்லுதான் கவுத்துது. கரன்ட் ரெண்டு மாசம், எல்.ஐ.சி. ஆறு மாசம், ஃபீஸ் டேர்முக்கு ஒருக்கா, வண்டி இன்ஷூரன்ஸ் வருஷத்துக்கு ஒருக்கா. இதையெல்லாம் ஒரு பேப்பர்ல வருஷக் கணக்கா எழுதுங்க. உதாரணத்துக்கு ரெண்டு பசங்க ஃபீஸ் 36,000, புத்தகம் யூனிஃபார்ம் 7,200, கரன்ட் 9,600, எல்.ஐ.சி. 9,600, வண்டி இன்ஷூரன்ஸ் சர்வீஸ் எல்லாம் 4,200. மொத்தம் 66,600. பன்னிரண்டால வகுத்தா 5,550. அப்போ உங்க சம்பளம் 38,000 இல்ல, 32,450. அந்த 5,550 ஒண்ணாம் தேதியே வேற கணக்குக்குப் போயிடணும். வேற கணக்குன்னா நிஜமாவே வேற. ஏ.டி.எம். கார்டு பர்ஸ்ல இருக்கக் கூடாது, ஃபோன்ல ஜிபே இணைக்கக் கூடாது, முக்கியமா எந்த இ.எம்.ஐ.யும் அந்தக் கணக்குல இருந்து போகக் கூடாது. போச்சுன்னா ஃபீஸுக்கு வச்ச காசை ஃபோன் இ.எம்.ஐ. தின்னுடும். முழுசா முடியலன்னா முதல் ரெண்டு மாசம் கரன்ட்டுக்கு மட்டும் 800 ரூபாய்ல ஆரம்பிங்க.

ஃபீஸ்ல ஒண்ணு மட்டும். தனியார் பள்ளிகளுக்கு 2009 சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு ஃபீஸ் நிர்ணயிக்குது. உங்க ஸ்கூலுக்கு எவ்வளவுன்னு கேளுங்க, கட்டின ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்க. தவணை கேக்கிறதா இருந்தா வாய்ல கேக்காதீங்க, தேதியோட எழுதிக் கொடுங்க, மே மாசத்துலயே.

'எதைக் குறைக்கிறது'ன்னு கேட்டீங்க. 'இந்த மாசம் பத்தலன்னா எதைத் தள்ளிப் போடலாம்'னு கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். அதையும் சொல்லிடறேன். எல்.ஐ.சி.க்கு ஆறு மாசம், வருஷம்னு கட்டுறவங்களுக்கு 30 நாள் சலுகைக் காலம், மாசாமாசம் கட்டுறவங்களுக்கு 15 நாள். அதுக்குள்ள கட்டினா பாலிசிக்கு எதுவும் ஆகாது, அபராதமும் இல்ல. அதனால முதல்ல தள்ளக்கூடியது அது. கிரெடிட் கார்டு கெடு தாண்டி மூணு நாளைக்கு மேல போனாதான் தாமதம்னு காட்டவோ, அபராதம் போடவோ முடியும், இது ரிசர்வ் பேங்க் விதி. ஆனா 'மினிமம் ட்யூ' மட்டும் கட்டிட்டு நிம்மதியா தூங்காதீங்க. மிச்சத்துக்கு மாசம் மூணரை சதவீதமோ அதுக்கு மேலயோ வட்டி ஓடலாம், வருஷத்துக்கு 42க்கு மேலயும் போகும். இ.எம்.ஐ.யைத் தள்ளவே தள்ளாதீங்க. கணக்குல காசு இல்லாமத் திரும்பினா உங்க பேங்க்கும் பிடிக்கும், கடன் கொடுத்தவங்களும் பிடிப்பாங்க. தேதியை சம்பளத்துக்கு மறுநாளைக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க.

தண்டல் பக்கம் போகவே போகாதீங்க. பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். கையில 9,000 கொடுத்துட்டு தினம் 100 ரூபாயா நூறு நாள் வாங்குவான். ஆயிரம் ரூபாய்தானேன்னு தோணும். ஆனா முதல் நாள்ல இருந்தே திருப்பிக் கொடுத்துக்கிட்டே இருக்கீங்க, சராசரியா உங்க கையில இருந்தது நாலரை ஆயிரம்தான். வருஷ வட்டியாப் போட்டா 80 சதவீதத்தைத் தொடும். வீட்டுல ஒரு கிராம் தங்கம் இருந்தா பேங்க்லயோ கூட்டுறவு சங்கத்துலயோ நகைக்கடன் அதை விட எத்தனையோ மடங்கு மேல்.

கடைசியா, உங்க சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்க. மாசச் சம்பளம் 21,000க்குள்ளன்னா இ.எஸ்.ஐ. பிடிச்சிருப்பாங்க, உங்க பங்கு 0.75 சதவீதம். பிடிக்கிறாங்கன்னா கணவர், பசங்க பேரும் அதுல ஏறியிருக்கான்னு பாருங்க. நிறைய பேர் காசைக் கட்டிக்கிட்டே பசங்களுக்குக் காய்ச்சல்னா தனியார் கிளினிக்ல கொடுக்குறாங்க. உங்களுக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி பக்கம்தான். பிடிக்கவே இல்லன்னா ஏன்னு முதலாளிகிட்ட கேளுங்க. அப்புறம் தி.நகருக்கு வெள்ளை போர்டு பஸ்ல போனா உங்களுக்கு டிக்கெட் இலவசம், பத்து நிமிஷம் முன்னாடி கிளம்புனா ஷேர் ஆட்டோ காசு மிச்சம். ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. கடை திறக்குற நேரம் வேலை நேரமா இருக்குன்னு விட்டுடாதீங்க, கார்டுல பேர் இருக்கிற யார் வேணா விரல் வச்சு வாங்கலாம், கணவருக்கு லீவு இருக்கிற நாள்ல அவரை அனுப்புங்க.

அடுத்த கேள்வி ஆவடியில இருந்து, தண்ணி லாரி பத்தி. அதுக்குப் போவோம்.