கடைசிப் பக்கத்துக் கடைத்தெரு

(திரையில்: பழுப்பேறிய கல்லூரி ஆண்டு மலர். பின் அட்டையிலிருந்து ஒரு கை புரட்டுகிறது.)

வணக்கம். கிருஷ்ணகிரியில காலேஜ் படிச்சவங்க உங்க வீட்ல இருந்தா, அவங்க பழைய ஆண்டு மலரைக் கேட்டு வாங்கிப் பின்னாலிருந்து புரட்டுங்க. பழையபேட்டை ஜவுளிக்கடை, மளிகை மண்டி, போட்டோ ஸ்டூடியோ, மாங்கூழ் கம்பெனின்னு விளம்பரங்களாவே ஒரு கடைத்தெரு வரிசையா வரும். முழுப் பக்கம், அரைப் பக்கம், கால் பக்கம். ரசீது புத்தகத்தோட ரவுண்டானாவைச் சுத்திக் கடை கடையா ஏறி இறங்கினவன் நான். "போன வருஷம்தானே தம்பி குடுத்தேன்"னு சொல்லிக்கிட்டே கல்லாவைத் திறந்த முதலாளிங்க முகம் இன்னும் கண்ணுல நிக்குது.

நாங்க வருஷத்துக்கு ஒரு தடவை செஞ்ச இந்த வேலையை, 1900 வாக்குல அமெரிக்க மாணவர்கள் வருஷம் பூரா செஞ்சாங்க. ஹார்வர்டுல 'கிரிம்சன்' 1873ல, யேல்ல 'யேல் டெய்லி நியூஸ்' 1878ல, கார்னெல்ல 'டெய்லி சன்' 1880லன்னு மாணவர் பத்திரிகைகள் தொடங்கியாச்சு. சந்தா காசு மட்டும் அச்சுக்கூலிக்குக் கட்டாது. மீதிக்கு ஊர்க் கடைக்காரங்களைத்தான் நம்பணும்.

(திரையில்: ஒரு பழைய பத்திரிகைப் பக்கம். ஒரு கட்டம் பெரிதாகிறது.)

யார் விளம்பரம் கொடுத்தாங்க? தையல்காரர், போட்டோ பிடிக்கிறவர், சலவைக்காரர், குதிரைவண்டி வாடகைக்கு விடுறவர், மிட்டாய்க்கடை, புத்தகக்கடை. வீட்டை விட்டு வந்து தங்கிப் படிக்கிற பையனுக்கு என்னென்ன தேவையோ அத்தனையும். இடத்தை அங்குலக் கணக்குல வித்தாங்க. சுத்தி ஒரு கோடு, நடுவுல கடைப் பேரு பெரிய எழுத்துல, கீழே பொடி எழுத்துல தெருப் பேரு. போன் இருந்தா அந்த நம்பரும். சின்ன ஊர்னா அது ரெண்டு மூணு இலக்கம்தான். "எங்கள் விளம்பரதாரர்களிடமே வாங்குங்கள்"னு பத்திரிகையே மாணவர்களைக் கேட்டுக்கறதும் உண்டு.

இதுல நான் ரொம்ப நேரம் நின்னு பார்த்த விஷயம் ஒண்ணு இருக்கு. அன்னிக்கு அச்சு முழுக்க ஈய எழுத்து. ஒரு விளம்பரத்தை எழுத்தெழுத்தா அடுக்கிக் கோத்துட்டா நூலால கட்டி அப்படியே எடுத்து வச்சிருவாங்க. அடுத்த இதழுக்கும் அதேதான். மறுபடி கோத்தா நேரம், கூலி ரெண்டும் வீண். அதனால தையல்காரர் விளம்பரம் மாசக்கணக்கா ஒரு எழுத்துகூட மாறாம வரும். அப்படி வந்துட்டிருந்தது திடீர்னு மாறுதுன்னா, அங்க ஏதோ நடந்திருக்கு. கடை இடம் மாறியிருக்கும், மகன் பேரு சேர்ந்திருக்கும், புதுச் சரக்கு வந்திருக்கும்.

1917 ஏப்ரல்ல அமெரிக்கா முதல் உலகப் போர்ல இறங்கிச்சு. கோட்டு தைச்ச தையல்காரர் ராணுவ உடுப்பு தைக்கிறதா விளம்பரம் பண்ணினார். 1920 ஜனவரியில மதுவிலக்கு நாடு முழுக்க வந்துச்சு. பீர் விளம்பரம் போட வழியில்லாமப் போச்சு, சோடாவும் ஐஸ்கிரீமும் விக்கிற கடைகளுக்கு நல்ல காலம். முதல் பக்கம் போர்ச் செய்தியைச் சொன்னா, அது தெருமுனைக் கடைக்கு எப்படி வந்து சேர்ந்துச்சுன்னு கடைசிப் பக்கம் சொல்லும்.

அந்த வருஷங்கள்ல நம்ம தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள்ள இருந்த ஊர்கள். தருமபுரி தனி மாவட்டமானதே 1965ல. அரசுக் கல்லூரிகளும் 1960கள்லதான் வந்துச்சு. அதனால நம்ம கடைத்தெருவோட இந்தக் கதை, நம்ம அப்பா அம்மா கையில இருந்த மலர்கள்லதான் இருக்கு.

(திரையில்: ஒரு கால் பக்க விளம்பரம். மடிப்பில் கிழிசல், ஓரத்தில் பேனா மசி.)

இது என்கிட்ட இருக்கிற மலர். சைக்கிள் வாடகைக்கடை விளம்பரம். மணிக்கு இவ்வளவுன்னு போட்டிருந்த இடம்தான் கிழிஞ்சு போச்சு. உங்க பரண்ல இதே மாதிரி ஒண்ணு கிடந்தா, பழைய பேப்பர் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி கடைசிப் பத்துப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க.