பதவி இறங்கியவர்கள் துப்பறிந்தால்

அவையோருக்கு வணக்கம்.

துப்பறியும் கதை பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது 2018இல் அமெரிக்காவில் வந்த ஒரு நகைச்சுவை நாவல். பெயர் ‘ஹோப் நெவர் டைஸ்’. எழுதியவர் ஆண்ட்ரூ ஷாஃபர். துப்பறிகிறவர்கள் ஜோ பைடனும் பராக் ஒபாமாவும். ஆமாம், பெயரைக்கூட மாற்றவில்லை. அட்டையில் கூரையில்லாத காரை பைடன் ஓட்டுகிறார். ஒபாமா எழுந்து நின்று முன்னே கையை நீட்டிக்காட்டுகிறார். சிரிப்பு அட்டையிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆனால் கதை தொடங்குகிற இடம் வேறு. 2016 தேர்தல் முடிந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. டெலவேர் மாநிலத்தில் தன் வீட்டில் பைடன் சும்மா இருக்கிறார். குளியலறை டைல்ஸ் இடுக்குகளைத் தானே பூசி அடைத்துக்கொண்டிருக்கிறார். எட்டு வருடம் துணை அதிபராக இருந்த மனிதர்! கதையைச் சொல்வதும் அவரேதான். நண்பர் தன்னை மறந்துவிட்டார் என்ற ஆற்றாமை அவர் பேச்சில் விடாமல் கசிகிறது. இங்கேதான் ஆசிரியரின் சாமர்த்தியம் எனக்குப் புலப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். பதவியில் இருப்பவரை வைத்து இந்தக் கதையை எழுத முடியுமா? ஒரு போன் போட்டால் எஃப்.பி.ஐ. மொத்தமும் வந்து நிற்கும். கதை மூன்றாம் பக்கத்தில் முடிந்துவிடும். துப்பறிகிறவனுக்கு அதிகாரம் இருக்கக் கூடாது. மலிவான மோட்டலில் தங்க வேண்டும், பைக் கும்பல் குடிக்கிற பாருக்குள் தயங்கித் தயங்கி நுழைய வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் திரும்ப வேண்டும். நேற்றுவரை உலகமே எழுந்து நின்று வரவேற்ற இருவர் இதையெல்லாம் செய்யும்போதுதான் சிரிப்பும் வருகிறது, பாசமும் வருகிறது.

ஜெர்மனியிலும் இதைப் புரிந்துகொண்ட ஒருவர் இருக்கிறார். டேவிட் சாஃபியர், அந்நாட்டு அரசின் தலைவராக இருந்த அங்கேலா மெர்க்கலைத் துப்பறிய வைத்து 2021 மார்ச்சில் ஒரு நாவல் வெளியிட்டார். மெர்க்கல் அப்போது பதவியில்தான் இருந்தார், டிசம்பரில்தான் இறங்கினார். ஆனாலும் நாவலில் அவர் ஓய்வுபெற்று, கணவரோடு உக்கர்மார்க் பகுதியின் சிற்றூர் ஒன்றுக்குக் குடிபோய்விட்டார். கூடவே ஒரு பக் நாய். அதற்குப் பெயர் புடின். இதற்கெல்லாம் முன்பே, ஃபிராங்க்ளின் ரூசவெல்ட்டின் மகன் எலியட் பெயரில் 1984 முதல் ஒரு தொடர் வந்தது. துப்பறிபவர் அவருடைய தாய் எலினோர். அதிபரின் மனைவிதான், ஆணையிடும் பதவி எதுவும் அவர் கையில் இல்லை.

நிஜ மனிதர்களை இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பொதுவாழ்வினரைப் பகடி செய்வதற்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1988இலேயே உறுதிசெய்துவிட்டது. சட்டம் அவ்வளவுதான். எழுதுகிறவருடைய மனச்சாட்சி அதைவிடப் பெரிய கேள்வி. ஷாஃபர் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கதையில் சாவது யார்? கோடீஸ்வரர் இல்லை, ஒற்றரும் இல்லை. ஒரு ரயில் கண்டக்டர். பைடன் தினமும் போய்வந்த ஆம்ட்ராக் ரயிலில் வேலைபார்த்தவர். இது இட்டுக்கட்டிய உறவுதான், ஆனால் அதன் வேர் நிஜம். 1972 டிசம்பரில், செனட்டராகத் தேர்வான சில வாரங்களில், ஒரு சாலை விபத்தில் பைடன் தன் மனைவியையும் கைக்குழந்தையான மகளையும் பறிகொடுத்தார். பிழைத்த இரண்டு பையன்களோடு ராத்திரி வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகவே, வாஷிங்டனில் குடியேறாமல் டெலவேரின் வில்மிங்டன் நகரிலிருந்து 36 ஆண்டுகள் ரயிலில் போய்வந்தார். வில்மிங்டன் நிலையத்துக்கு 2011இல் அவர் பெயரையே வைத்தார்கள். அப்படிப்பட்டவருக்கு ஒரு கண்டக்டர் என்றால் சும்மாவா? அந்தச் சாவு விபத்துதானா என்று கிளறத் தொடங்கியதும் கதை போதைமருந்துக் கும்பலிடம் கொண்டுபோய் விடுகிறது. 2017இல் மட்டும் அமெரிக்காவில் அளவுக்கு மீறிய போதைமருந்தால் 70,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது ஓபியாய்டு வகை, அதாவது ஹெராயினும் அதைப் போன்ற வலிநிவாரணிகளும்.

இவ்வளவு கனமான விஷயத்தை வைத்துக்கொண்டு எங்கே சிரிக்க வைப்பது? ஷாஃபர் அதைத் தலைவர்கள் பக்கம் வைத்தார். ஒபாமாவின் நிதானம், பைடனின் அவசரம், சொல்லாமலே முறுகிக்கொள்ளும் நட்பு, இவைதான் கேலிக்கு இலக்கு. செத்தவருக்கு நோயாளி மனைவி இருக்கிறார். அவர் இருக்கிற பக்கம் கேலி போவதே இல்லை. நகைச்சுவை எழுத நினைக்கும் இளைஞர்கள் இந்த அரங்கில் இருந்தால், இதற்காகவே இந்த நூலைத் தேடிப் படியுங்கள்.

2019இல் இரண்டாவது நாவல் வந்தது, களம் சிகாகோ. 2021 ஜனவரியில் நிஜ பைடன் அதிபராகிவிட்டார். பூட்டிக்கிடந்த அதிகாரமெல்லாம் திரும்பக் கைக்கு வந்துவிட்ட அந்த மனிதரை, ஒரு கண்டக்டருக்காக மோட்டல் மோட்டலாக 2025 ஜனவரியில் அவர் பதவி இறங்கும்வரை யாரும் அலையவிட முடியவில்லை.