விசுவாசம் என்ற சொல்லும் மோசேயின் கைகளும்

அன்பான நேயர்களே, வணக்கம்.

தொடங்குமுன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கையில் இருக்கும் வேலையைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் வலது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்குங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். உடம்புக்கு முடியாதவர்களும் வேண்டாம். மற்றவர்கள் தூக்கியபடியே கேட்டுக்கொண்டிருங்கள், முடிகிற வரைக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இன்று நான் பேச வந்திருப்பது விசுவாசம் பற்றி. கிறிஸ்தவர்கள் அன்றாடம் புழங்கும் சொல். அதனாலேயே அதன் பொருளை யாரும் நின்று கேட்பதில்லை. பொதுவாக என்ன நினைக்கிறோம்? மனதில் சந்தேகமே எழாமல் இருப்பதுதான் விசுவாசம் என்று நினைக்கிறோம். அது கூடினால் காரியம் நடக்கும், குறைந்தால் நடக்காது என்று ஒரு கணக்கும் வைத்திருக்கிறோம். பல வருடங்களாக என் மனதை அறுப்பது இந்தக் கணக்குதான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் விசுவாசம் என்ற சொல் ஆலயத்துக்கு வெளியேயும் நடமாடுகிறது. 'கடைசி வரைக்கும் முதலாளிக்கு விசுவாசமாக இருந்தார்' என்கிறோம். 'நன்றி விசுவாசம்' என்று சேர்த்தே சொல்கிறோம். அங்கெல்லாம் என்ன பொருள்? மாறாமல் இருப்பது. விட்டுப் போகாமல் இருப்பது. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் எழுதியவர்கள் பயன்படுத்திய சொல் பிஸ்டிஸ். அதற்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு. ஒருவரை நம்புவதும் பிஸ்டிஸ்தான், நம்பியவரைக் கைவிடாமல் இருப்பதும் பிஸ்டிஸ்தான். ரோமருக்கு எழுதிய நிருபம் 3ஆம் அதிகாரத்தில் பவுல் இதே சொல்லைக் கடவுளுக்கே பயன்படுத்துகிறார். மனிதர்கள் நம்பாமல் போனால் கடவுளுடைய பிஸ்டிஸ் வீணாகிவிடுமா என்று கேட்கிறார். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு அதை 'தேவனுடைய உண்மை' என்கிறது. நாம் அவரிடம் காட்டுவதற்கும் அவர் நம்மிடம் காட்டுவதற்கும் மூலத்தில் ஒரே சொல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிலருக்கு ஒரு குழப்பம் வரலாம். பழைய வேதாகமத்தில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று வருவது, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்று இருக்கிறது. ஒருவர் விசுவாசம் என்பதை இன்னொருவர் நம்பிக்கை என்கிறார், அவ்வளவுதான். இதற்காக இரண்டு வீட்டார் வாக்குவாதம் செய்து பார்த்திருக்கிறேன். தேவையில்லை.

சரி, கை எப்படி இருக்கிறது? தோள்பட்டை கனக்கத் தொடங்கியிருக்கும். இறக்கிவிட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம். நான் சொல்ல வந்ததே அதுதான்.

பழைய ஏற்பாட்டில், யாத்திராகமம் 17ஆம் அதிகாரம். ரெவிதீம் என்ற இடத்தில் அமலேக்கியர் போருக்கு வருகிறார்கள். யோசுவா கீழே நின்று போரிடுகிறார். மோசே ஆரோனையும் ஊரையும் கூட்டிக்கொண்டு மலையுச்சிக்கு ஏறுகிறார். ஊர் என்பது இங்கே ஓர் ஆளின் பெயர். மோசே கையை உயர்த்தியிருக்கும்போது இஸ்ரவேலர் கை ஓங்குகிறது. இறக்கினால் அமலேக்கியர் கை ஓங்குகிறது. ஆனால் மோசேக்கு வயதாகிவிட்டது, கைகள் கனத்துப்போகின்றன. உங்களுக்கு இப்போது கனப்பது போலத்தான். உடனே அந்த இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள்? 'விசுவாசம் போதவில்லை, இன்னும் உயர்த்துங்கள்' என்று சொல்லவில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்கார வைக்கிறார்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று கைகளைத் தாங்கிக்கொள்கிறார்கள். பொழுது சாயும் வரைக்கும் அந்தக் கைகள் நிலையாக இருந்தன என்று வசனம் முடிகிறது.

'நிலையாக' என்று நாம் படிக்கிற இடத்தில் எபிரெய மூலத்தில் இருக்கும் சொல் எமுனா. விசுவாசம், உண்மை என்றெல்லாம் மற்ற இடங்களில் மொழிபெயர்க்கப்படும் அதே எமுனா. வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தால் இந்தச் சொல் முதலில் எதிர்ப்படும் இடமே இதுதான். அதுவும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்த ஒரு கிழவரின் கைகளைக் குறித்து. அந்த வேர்ச்சொல்லிலிருந்து வந்ததுதான் நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் 'ஆமென்' என்பதும். கைக்குழந்தையைச் சுமந்து வளர்க்கும் தாதிக்கும் அதே வேரில் ஒரு சொல் உண்டு. எசேக்கியா ராஜா ஆலயத்தின் கதவுகளிலிருந்து பொன்தகடுகளைக் கழற்றினாரே, அந்தக் கதவுநிலைகளுக்கும் அதே வேரில் ஒரு சொல். தமிழிலும் பாருங்கள், கதவைத் தாங்கி நிற்பதற்குப் பெயர் நிலை.

இதை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது ஒருவர் ஜெபிக்க வந்தார். நல்ல மனதோடுதான் வந்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஜெபித்து முடித்துவிட்டு, 'உங்களுக்கு விசுவாசம் இன்னும் பத்தலைம்மா. ஒரு வாக்குத்தத்த வசனத்தை எடுத்து ஒரு நாளைக்கு நூறு தடவை அறிக்கை பண்ணுங்க' என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா எடுத்துக்கொண்டது எபிரெயர் 13ஆம் அதிகாரத்து வசனம்: 'நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை.' விரல் கணுக்களில் கட்டைவிரலை வைத்து எண்ணிக்கொண்டே சொல்வார். மருந்தின் மயக்கத்தில் இருபதிலோ முப்பதிலோ கண் சொருகிவிடும். விழித்துப் பார்ப்பார். எந்தக் கணுவில் விட்டோம் என்று தெரியாது. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவார். இரவில் என்னைக் கூப்பிட்டு, 'இன்னிக்கு நூறு ஆகலையே, என்னடா பண்றது?' என்று கேட்டார். வலியைவிட அந்தக் கேள்விதான் அவரை அதிகமாக வாட்டியது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் பதில் தெரியவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் சபையிலிருந்து ஒருவர் வந்தார். அம்மாவைவிடச் சின்னவர், நாங்கள் சித்தி என்று கூப்பிடுவோம். வந்ததும் அம்மாவின் கட்டைவிரல் கணுக்களில் நகர்வதைப் பார்த்தார். என்னவென்று கேட்டார், சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மூடிய கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். 'அக்கா, எண்ணிக்கையெல்லாம் என்கிட்ட குடுத்துட்டு நீங்க தூங்குங்க. உங்க பங்கையும் சேர்த்து நான் ஜெபிச்சுக்கறேன்' என்றார். அம்மா தூங்கினார். பல நாட்களுக்குப் பிறகு நல்ல தூக்கம். சித்தி ஒன்றரை மணி நேரம் அந்தக் கையை விடவில்லை.

அம்மா குணமாகவில்லை. பதினோரு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தார். ஆனால் அந்தப் பதினோரு நாளும் அவர் எண்ணவில்லை. அந்த வசனத்தை நினைத்துப் பாருங்கள். விலகுவதில்லை, கைவிடுவதில்லை என்று சொல்பவர் யார்? கடவுள். பிடித்துக்கொண்டிருப்பது அவர் கை. அதைப்போய் அம்மா நூறு முறை சொல்லி நிறைவேற்ற வேண்டிய கடமையாக்கிவிட்டோமே என்று இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

ஆகவே இதை அழுத்தியே சொல்கிறேன். நான்கு சுவிசேஷங்களையும் புரட்டிப் பாருங்கள். குணம் தேடி வந்த ஒருவரையும் 'உனக்கு விசுவாசம் போதவில்லை, போய்விட்டு வா' என்று இயேசு திருப்பி அனுப்பியதாக ஓரிடம்கூட இல்லை. 'அற்பவிசுவாசிகளே' என்று கடிந்துகொண்டது உண்டு. ஆனால் படகில் அப்படிக் கடிந்தது யாரை? கூடவே இருந்த சீஷர்களை. கடிந்துவிட்டுப் புயலை அடக்கவும் செய்தார், படகிலிருந்து யாரையும் இறக்கிவிடவில்லை. திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கிய கதை உங்களுக்குத் தெரியும். அங்கே மாற்கு 'இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்று எழுதுகிறார். அவர்கள் விசுவாசத்தை! படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அங்கே இல்லை.

அதே மாற்குவில் 9ஆம் அதிகாரம். சிறுவயது முதல் தீயிலும் தண்ணீரிலும் விழுந்துகொண்டிருக்கும் மகனோடு ஒரு தகப்பன். சீஷர்களால் முடியவில்லை. எத்தனை இடம் அலைந்திருப்பாரோ, இயேசுவிடமே 'உம்மால் ஏதாவது முடிந்தால்' என்றுதான் கேட்கிறார். விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்று பதில் வந்ததும் கண்ணீரோடு கத்துகிறார்: 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.' ஒரே மூச்சில் இரண்டும். நோயாளிக்குப் பக்கத்தில் இரவு விழித்திருந்த எவருக்கும் இந்த வாக்கியம் புரியும். இயேசு அந்த இரண்டாவது பாதியைத் திருத்திச் சொல்லச் சொன்னாரா? இல்லை. பையனைக் கையைப் பிடித்துத் தூக்கினார்.

விசுவாசம் இருந்தால் எல்லாம் கூடிவரும் என்று நம்புகிறவர்களுக்கு எபிரெயர் 11ஆம் அதிகாரத்தைக் கடைசி வரை படிக்கச் சொல்வேன். விசுவாச வீரர்களின் பட்டியல் என்று அதைப் பிரசங்கிப்பார்கள். பெரும்பாலும் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். சிங்கங்களின் வாயை அடைத்தார்கள், அக்கினியின் உக்கிரத்தை அவித்தார்கள் என்று போகிறது. 35ஆம் வசனத்தில், இறந்தவர்களைத் திரும்ப உயிரோடு பெற்றுக்கொண்ட பெண்களைச் சொல்லி, அதே வசனத்துக்குள்ளேயே 'வேறுசிலர்' என்று திரும்புகிறது. அந்த வேறு சிலர் வதைக்கப்பட்டார்கள், கல்லெறியுண்டார்கள், வாளால் வெட்டுண்டு மரித்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே பட்டியலில், ஒரே விசுவாசத்தோடு. ராஜாவின் சிலையை வணங்க மறுத்து எரியும் சூளையின் முன்னால் நின்ற சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ அந்த ராஜாவிடம் என்ன சொன்னார்கள்? எங்கள் தேவன் எங்களை விடுவிக்க வல்லவர், 'விடுவிக்காமற்போனாலும்' உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். அந்த 'போனாலும்' என்ற ஒரு சொல்லுக்காகவே தானியேல் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

நிலைய நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். புதிய ஏற்பாட்டில் ஒரு நிருபம் எழுதிய யாக்கோபு பற்றி விரிவாகப் பேசத்தான் குறிப்பெடுத்து வந்தேன். சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் 15ஆம் அதிகார வசனத்தைப் பவுலும் எடுக்கிறார், யாக்கோபும் எடுக்கிறார். பவுல் விசுவாசம் போதும் என்பது போலிருக்கும், யாக்கோபு கிரியை, அதாவது செயல், இல்லாத விசுவாசம் செத்தது என்பார். 16ஆம் நூற்றாண்டில் சபை பிளந்ததே இதையொட்டி எழுந்த கேள்வியில்தான். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் இது பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். யாக்கோபு கொடுக்கும் உதாரணம் எளிமையானது. உடுப்பும் அன்றாட ஆகாரமும் இல்லாதவரிடம் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொன்னால் என்ன பிரயோஜனம் என்கிறார். என் மனதில் அங்கே சித்தியின் இரண்டு கைகள்தான் வருகின்றன.

இன்னும் ஒன்று மட்டும். 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய ஆயர்கள் எழுதிய விசுவாசப் பிரமாணம், அதாவது விசுவாச அறிக்கை, 'விசுவாசிக்கிறோம்' என்று பன்மையில்தான் தொடங்குகிறது. அம்மா போன பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம், ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும் நேரம் வந்தால் எனக்கு வாய் திறக்காது. எழுந்து நிற்பேன், அவ்வளவுதான். சித்தி ஒவ்வொரு ஞாயிறும் நான் இருக்கும் வரிசைக்கே வந்து நிற்பார். ஏன் சொல்லவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கச் சொல்வார், இரண்டு பேருக்கும் சேர்த்து.

நேரம் முடிந்துவிட்டது. இன்னும் யாராவது கையைத் தூக்கிக்கொண்டிருந்தால் இறக்கிவிடுங்கள். நன்றி, வணக்கம்.